12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள்!

பெரிய இன்வெர்ட்டர் பேட்டரிகளைப் பாதுகாப்பாக வைப்பதும் இணைப்பதும் எப்படி?

திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், ஒரு போட்டோ பிரிண்டர். ஆடிக் கிருத்திகை சமயத்தில் ஊரே கூட்டத்தில் திணறும். அந்த நாட்களில் கரண்ட் போனால் வியாபாரம் போச்சு. அதனால் பழைய சிறிய யூபிஎஸ்ஸை எடுத்துவிட்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்றையும், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டையும் வாங்கினார். பொருத்த வந்த பையனிடம் நான், "தம்பி, ஸ்பேனர் மேல டேப் சுத்திக்கோப்பா" என்றேன். "12 வோல்ட்தானே சார், தொட்டாக்கூட ஷாக் அடிக்காது" என்று சிரித்தான்.

அவன் சொன்னது உண்மைதான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரின் ஒரு முனை முதல் பேட்டரியின் பிளஸ்ஸில் இருக்க, மறுமுனை பக்கத்து பேட்டரியின் மைனஸ்ஸைத் தொட்டுவிட்டது. 'பட்' என்று ஒரு சத்தம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். ஸ்பேனரின் ஓரம் பிறை போல உருகிப் போயிருந்தது. பையனின் உள்ளங்கையில் கொப்புளம். நல்லவேளை, அந்தக் கையில் மோதிரம் இல்லை. பேட்டரி வைத்த இடத்துக்கு மேலே முருகன் படமும் எரிகிற அகல்விளக்கும் இருந்ததை அதற்குப் பிறகுதான் எல்லோரும் கவனித்தோம்!

பேட்டரியில் பயப்பட வேண்டியது ஷாக்குக்கு அல்ல. கரண்ட், வாயு, ஆசிட் என்ற மூன்றுக்குத்தான். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் எதை எங்கே வைப்பது, எதை முதலில் இணைப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது வீட்டுக்கென்று பிறந்த பொருள் அல்ல

லெட் ஆசிட் பேட்டரியை பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859-ல் உருவாக்கினார். ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலம் - இன்றும் அடிப்படை அதேதான். டெலிபோன் எக்சேஞ்சுகளில் 2 வோல்ட் செல்கள் 24 சேர்ந்து 48 வோல்ட் கொடுக்கும். ரயில் பெட்டிகளின் அடியில் 110 வோல்ட் பேட்டரி தொங்கும். திருத்தணி வழியாக ரேணிகுண்டா போகிற ரயிலில் ஏறினால் நீங்கள் சென்றடைகிற திருப்பதிக்குப் பக்கத்தில், கரக்கம்பாடியில், அமரான் பேட்டரி செய்யும் அமரராஜா நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. இப்படித் தொழிற்சாலை, ரயில்வே, தொலைபேசி என்று இருந்த பொருளை நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்தது மின்வெட்டு. 2008-ல் தொடங்கி 2012 வாக்கில் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலத்தில், சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பாதி நாள் கரண்ட் இருக்காது. அப்போது வாங்க ஆரம்பித்த பழக்கம் இன்றும் தொடர்கிறது. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்களைப் பார்த்த திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எக்சேஞ்சிலும் ரயில்வேயிலும் பேட்டரிக்கென்று தனி அறை, பயிற்சி பெற்ற ஆள், கண்ணாடி, கையுறை எல்லாம் உண்டு. நம் வீட்டில்? துடைப்பத்துக்கும் செருப்புக்கும் நடுவில் ஓர் இடம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் விஷயம்: கரண்ட்

உங்கள் வீட்டு 230 வோல்ட் லைனில் 800 வாட் சாதனம் ஓடினால் அது எடுக்கும் கரண்ட் சுமார் மூன்றரை ஆம்பியர். அதே 800 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால்? இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து சுமார் 83 ஆம்பியர்! வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். அதனால்தான் பேட்டரி வயர் இத்தனை தடிமனாக இருக்கிறது.

தடிமன் குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம். போகும் வயர் ஒன்றரை மீட்டர், வரும் வயர் ஒன்றரை மீட்டர். 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் போட்டால் 83 ஆம்பியரில் முக்கால் வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். சுமார் 60 வாட் சூடு வயரில் உருவாகும். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டுக் கையில் பிடித்திருக்கிறீர்களா? அந்தச் சூடு உங்கள் சுவரோரம் பிளாஸ்டிக் உறைக்குள் ஓடுகிறது. 25 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். எனவே இன்வெர்ட்டரோடு வந்த வயரை வெட்டி ஒட்டி நீட்டாதீர்கள். தூரம் அதிகமானால் தடிமனையும் கூட்ட வேண்டும். பேட்டரியை இன்வெர்ட்டர் பக்கத்திலேயே வைப்பதுதான் நல்லது.

இது பேட்டரி ஒழுங்காக வேலை செய்யும்போது ஓடுகிற கரண்ட். பிளஸ்ஸும் மைனஸ்ஸும் நேராக இணைந்துவிட்டால் 150 ஏ.எச். பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கும் மேலே கொட்டிவிடும். வெல்டிங் மெஷின் வேலை செய்வதே நூறு, இருநூறு ஆம்பியரில்தான். ஸ்பேனர் ஏன் உருகியது என்று இப்போது புரிகிறதா? மோதிரம், வளையல், இரும்பு செயின் வாட்ச் எதுவாக இருந்தாலும் இதே கதிதான். வேலை தொடங்கும் முன் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழுத்துச் செயினையும்தான்.

ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க, நட்டைப் பிடிக்கும் வாய் மட்டும் தெரிகிற மாதிரி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வேலை நடக்காத டெர்மினலை ஒரு ரப்பர் துண்டாலோ காய்ந்த தடித்த துணியாலோ மூடி வையுங்கள். இதற்கு ஆகும் செலவு பத்து, இருபது ரூபாய்.

இன்னொன்று: பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும். அது டி.சி.க்கு என்றே தயாரானதாக இருக்க வேண்டும். வீட்டு மெயின் போர்டில் இருக்கிற சாதாரண எம்.சி.பி. இங்கே உதவாது. ஏ.சி. கரண்ட் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி தானாக அணையும். டி.சி. அப்படி பூஜ்யத்துக்கே வராது. பொறி நின்று எரியும்.

இரண்டாவது விஷயம்: வாயு

பேட்டரி ஏறக்குறைய ஃபுல் ஆனதும், உள்ளே வரும் கரண்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க ஆரம்பிக்கும். கொதிக்கிற மாதிரி சளசளவென்று சத்தம் கேட்பது இதனால்தான். தண்ணீர் குறைவதும் இதனால்தான். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும்.

4 சதவிகிதம் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு செல்லில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் வாயுவாக மாறினால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 12 வோல்ட் பேட்டரியில் 6 செல். கடைசிக் கட்டத்தில் 5 ஆம்பியர் இப்படிப் போகிறது என்றால், மணிக்கு 12 லிட்டருக்கு மேல். ஒரு கன மீட்டர் அளவுள்ள மூடிய மர அலமாரியில் 4 சதவிகிதம் என்பது 40 லிட்டர். அதாவது மூன்றே கால் மணி நேரம்! இரண்டு பேட்டரி வைத்திருந்தால் அதில் பாதி.

பயப்பட வேண்டாம். ஹைட்ரஜன் மிக லேசான வாயு. வழி இருந்தால் மேலே ஏறிப் பறந்துவிடும். வழி கொடுக்காமல் இருப்பதுதான் தவறு. எனவே:

- பேட்டரியை மூடிய அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள். டிராலியில் வைத்தாலும் மேலே திறப்பு இருக்கட்டும்.
- அறையின் கீழ்ப்பக்கம் காற்று வரவும், மேல்பக்கம் காற்று போகவும் வழி வேண்டும். கீழே மட்டும் ஜன்னல் இருந்தால் போதாது. வாயு மேலேதான் தங்கும்.
- பூஜை அறை, கேஸ் அடுப்பு இருக்கும் சமையலறை இரண்டும் கூடாது. விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாமே நெருப்புதான்.
- பேட்டரிக்கு நேர் மேலே சுவிட்ச் போர்டோ இன்வெர்ட்டரோ வைக்காதீர்கள். சுவிட்ச் போடும்போதும் பொறி வரும். ஆசிட் ஆவி சர்க்யூட்டையும் அரித்துவிடும். பக்கவாட்டில் வையுங்கள்.
- தண்ணீர் அளவு பார்க்க தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ வேண்டவே வேண்டாம். டார்ச் போதும்.

"என் பேட்டரி சீல் செய்தது, தண்ணீரே ஊற்ற வேண்டாமே" என்கிறீர்களா? அதிலும் ஒரு வால்வு இருக்கிறது. அதிகமாக சார்ஜ் ஏறினால் அதுவும் வாயு விடும்.

மூன்றாவது விஷயம்: ஆசிட்

உள்ளே இருப்பது நீர் கலந்த கந்தக அமிலம். துணியில் பட்டால் அடுத்த சலவையில் ஓட்டை. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பேட்டரி மூடியைத் திறக்கும்போது சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். மேலே பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போகும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு ஐம்பது கிலோவைத் தாண்டும். தனியாகத் தூக்காதீர்கள், சாய்க்காதீர்கள். சமமான தரையில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இணைக்கும் வரிசை

இப்போது இணைப்புக்கு வருவோம். இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃப், அதன் பிளக் வெளியே, பேட்டரி பிரேக்கர் ஆஃப். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரே பேட்டரி என்றால் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றும்போது மைனஸ் முதலில். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்று வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி மேலேயே குறி இருக்கும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர் வையுங்கள். தலைகீழாகக் கொடுத்தால் இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் பாகங்கள் நொடியில் போய்விடும்.

கடைசி இணைப்பைக் கொடுக்கும்போது சின்னதாக ஒரு பொறி வரலாம். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால் வருவது அது. பிரேக்கர் இருந்தால் அதை ஆஃப் செய்து வைத்தே இணைத்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். பேட்டரி மேல் பொறி வராது. சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த பேட்டரி என்றால் அரை மணி நேரமாவது காற்றாட விட்டுவிட்டுத் தொடுங்கள்.

இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டு முறை உண்டு. 24 வோல்ட் வேண்டுமானால் தொடர் இணைப்பு: ஒன்றின் மைனஸ் மற்றதன் பிளஸ்ஸுக்கு. மீதி இருக்கும் இரண்டு முனைகள் இன்வெர்ட்டருக்கு. 12 வோல்ட்டே இருந்து அதிக நேரம் ஓட வேண்டுமானால் பக்க இணைப்பு: பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்.

தப்பைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒரே ஒரு வயரை மட்டும் இணைத்துவிட்டு நிறுத்துங்கள். மீதி இருக்கும் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள்.

- தொடர் இணைப்பு என்றால் 25 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் வயர் மாறியிருக்கிறது.
- பக்க இணைப்பு என்றால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 25 காட்டினால் உடனே நிறுத்துங்கள். அடுத்த வயரைக் கொடுத்தால் இரண்டு பேட்டரியும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும்.

பக்க இணைப்பில் இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ்ஸை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். பழசையும் புதுசையும், 100-ஐயும் 150-ஐயும் ஜோடி சேர்க்காதீர்கள். பலவீனமானது நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும்.

நட்டை இறுக்குவதிலும் அளவு வேண்டும். ஈயம் மென்மையானது, முரட்டுத்தனமாகத் திருகினால் உடையும். லூசாக இருந்தால் சூடாகி உருகும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு இறுக்காதீர்கள். வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், மூடிகள் நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடையுங்கள்.

கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் பெரிய பேட்டரி போடலாமா?

இந்த ஆசை நிறையப் பேருக்கு உண்டு. 600 வி.ஏ. யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி. அதைக் கழற்றிவிட்டு 150 ஏ.எச். பேட்டரியை வெளியே வைத்து இணைத்தால் மணிக்கணக்கில் ஓடுமே என்ற எண்ணம். வேண்டாம்! 150 ஏ.எச். பேட்டரிக்கு சுமார் 15 ஆம்பியர் சார்ஜிங் தேவை. அந்தச் சின்ன யூபிஎஸ்ஸின் சார்ஜர் ஒரு ஆம்பியர் கொடுத்தாலே பெரிய விஷயம். காலியான பேட்டரி நிரம்ப ஆறு நாளுக்கு மேல் ஆகும். பாதியிலேயே நிற்கும் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதோடு பத்து நிமிடம் ஓடுவதற்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் மூன்று மணி நேரம் ஓடினால் சூடேறிப் புகையும்.

அதேபோல் இன்வெர்ட்டரில் பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் சுவிட்ச் இருக்கும். டியூபுலருக்கு வைத்த வோல்ட்டேஜில் சீல் செய்த பேட்டரியைப் போட்டால் அது உப்பிவிடும். டவர்களிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரிக்கும் இது பொருந்தும். சார்ஜரை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றக் கூடாது.

ஆன்லைன் யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 15, 16 பேட்டரிகளைத் தொடராக இணைத்து அதில் 180, 192 வோல்ட் டி.சி. இருக்கும். அங்கே ஷாக்கே உயிரைக் குடிக்கும். பயிற்சி பெற்றவர் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. சாதாரண இன்வெர்ட்டரிலும் மெயினை ஆஃப் செய்தால் வீட்டு லைன் செத்துவிடாது. இன்வெர்ட்டரிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். வயரிங் வேலைக்கு வருபவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு

கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வரும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. பேட்டரிக்கு 25 டிகிரி சுகம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரை போட்ட மொட்டை மாடி அறையில் வைத்தால் ஐந்து வருடம் உழைக்க வேண்டியது இரண்டு வருடத்தில் போய்விடும். வீட்டின் வடக்குப் பக்கம், தரைத்தளம், நிழல் - இதுவே சரி. இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

வெயிலில் தண்ணீரும் சீக்கிரம் குறையும். மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒரு முறை மிதவையைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஃபுல் சார்ஜில் டியூபுலர் பேட்டரி 1.240 அளவில் காட்டும்.

பழையதை என்ன செய்வது?

கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் விலை வாங்குங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விதி 2001-லேயே வந்தது. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. நூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று வரும் ஆக்கர்காரரிடம் போட்டால், ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குவார்கள். அந்த ஈயப் புகை முதலில் பாதிப்பது குழந்தைகளின் மூளையைத்தான்.

என் நண்பர் கடைக்கு வருவோம். பேட்டரிகள் இப்போது பின்பக்க வராந்தாவில், மேலும் கீழும் சிமெண்ட் ஜாலி வைத்த சுவரோரம், பிரேக்கரோடு இருக்கின்றன. முருகனும் விளக்கும் முன் கல்லாவுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பையன் கை ஆறியதும் ஒருநாள் வந்தான். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் காட்டினான். கைப்பிடி முழுக்கச் சிவப்பு டேப்.

உங்கள் வீட்டு பேட்டரி எங்கே இருக்கிறது? அதற்கு மேலே என்ன இருக்கிறது? இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள்.